சிவப்புக் கோடு விழுந்த தெரு

தண்ணித்தொட்டித் தெருவில் முதலில் காணாமல் போனது குயில். சங்கரன்கோவில் போகிற சாலையை ஒட்டி, பழுதாகிப்போன மேல்நிலைத் தொட்டி ஒன்றின் காலடியில் கிடக்கிற அந்தத் தெருவில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் புருஷன்மார்களை வேலைக்கும் அனுப்பிவிட்டு, குழாயடியில் குடங்களை வரிசை போட்டுவிட்டு, வாசலில் குந்தித் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பெண்களுக்குக் குயில் கூவினால் என்ன, கூவாவிட்டால் என்ன, எனவே அது போனதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. எதிர்வீட்டு மரியபுஷ்பம்தான் ஒருநாள் பசைக்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னமோ குறைகிறதே, யாரும் செத்துக்கித்துப் போய்விட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

செண்பகவல்லிக்கு மட்டும் தெரியும். வேப்பமரத்துக் குயில் விடியும் முன்னே கூவத் தொடங்கிவிடும் என்று அவள் எழுதியிருந்த வரியின் மேல் இளம்பரிதி சார் சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்தில் "தேய்வழக்கு. எல்லோர் கதையிலும் குயில் கூவுகிறது. நீக்கிவிடலாம்" என்று குறிப்பு எழுதியிருந்தார். அவளும் நீக்கினாள். மறுநாளிலிருந்து மரம் இருந்தது, காற்று இருந்தது, காக்கை கூட இருந்தது, குயில் இல்லை.

அவள் எழுத வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் அவளும். ஒருநாள் பரணில் இருந்த சம்படத்தை எடுக்கக் கையைத் தூக்கியபோது வலது தோள் துருப்பிடித்த பூட்டாகப் பூட்டிக்கொண்டது, அதன்பின் கை மார்புக்கு மேலே ஏற மறுத்துவிட்டது. தானாகப் பூட்டியது தானாகத்தான் திறக்கும், கொஞ்ச காலம் பொறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. சும்மா உட்கார்ந்திருந்தால் அம்மாவின் மனசு கெட்டுப்போகும் என்று பயந்த மகள், நீதான் பொய்யும் நிஜமும் கலந்து நல்லாக் கதை சொல்லுவியே என்று ஓசூரிலிருந்தபடியே அவளை இணையவழிப் படைப்பெழுத்துப் பயிற்சியில் சேர்த்துவிட்டாள். சனி ஞாயிறுகளில் போன் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் தலைகள் தெரியும். நடுக்கட்டத்தில் இளம்பரிதி சார், மகளை விட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருந்தால் அதிகம், கண்ணை மூடிக்கொண்டு கதையைப் பற்றிப் பேசுவார். மற்ற நாட்களில் இவள் இடதுகைக் கட்டைவிரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி எழுதியதை அவர் அங்கிருந்தே படித்து, வேண்டாத வரிமேல் கோடு போடுவார். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறியும் ஒரு பெருக்கல்குறியும் முளைக்கும். சரியைத் தொட்டால் வரி போய்விடும். பெருக்கலைத் தொட்டால் கோடு போய்விடும், வரி நிற்கும்.

பெருக்கல்குறியைச் செண்பகவல்லி ஒருநாளும் தொட்டதில்லை. வாத்தியார் திருத்திக் கொடுத்ததைத் தப்பென்று பெருக்கல் போடுகிற பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் உண்டு? அவர் கோடு போட்டால் சரி என்று தொடுவதுதான் மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த மரியாதைதான் தெருவைத் தின்றது.

குயிலுக்குப் பிறகு மண்வாசனை போனது. அதுவும் தேய்வழக்குதான். ஐப்பசி மழை வந்து தெருவை நனைத்துவிட்டுப் போனபோது ஒரு வாசமும் எழும்பவில்லை, குழாய்த் தண்ணீரைக் கொட்டினால் எப்படியோ அப்படி. ஜலதோஷமாக இருக்கும் என்று ஆளுக்கொரு பக்கம் மூக்கைச் சிந்திப் பார்த்தார்கள். லேபிள் ஒட்டுகிற நேரத்தில் செண்பகவல்லி தன் கதையை வாசித்துக் காட்டுவாள், சார் எதை வைத்தார், எதை எடுத்தார் என்பதும் தெருவுக்குத் தெரியும், ஆகவே ரெண்டையும் ரெண்டையும் கூட்டிப் பார்க்க மரியபுஷ்பத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒருத்தரும் மலைத்துப்போய் நிற்கவும் இல்லை. ஒருநாளும் தண்ணீர் ஏறாத தொட்டியிலிருந்து வருஷம் முழுக்கச் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துப் பழகிய தெரு அது. பட்டணத்தில் ஒருத்தர் கோடு போட்டால் இங்கே ஒன்று அழியும், ஆகட்டும், இதற்கு முன்னும் அப்படித்தானே நடந்துகொண்டிருந்தது, இப்போது கோடு கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த கட்டு லேபிளைப் பிரித்தார்கள்.

மூன்றாவதாகப் போனது மரியபுஷ்பத்தின் சிரிப்பு. எந்த வேடிக்கையையும் அவளால் முழுசாகச் சொல்ல முடியாது, பாதியிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும், பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தெருவே சிரிக்கும், கடைசிவரை வேடிக்கை என்னவென்று யாருக்கும் தெரியாது. அதை அப்படியே எழுதியிருந்தாள் செண்பகவல்லி. "இந்தச் சிரிப்பு கதையின் சோகத்தைக் குலைக்கிறது" என்று கோடு விழுந்தது. இந்த முறை என்ன நடக்கும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்தும், ஒருவேளை இது மட்டும் போகாமல் இருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சரியைத் தொட்டாள். பிற்பகலில் மரியபுஷ்பம் தன் மாமியார் ரேஷன் கடையில் சண்டை போட்ட கதையை முதல்முறையாக முடிவுவரை சொன்னாள். நல்ல கதைதான். சொல்லி முடித்துவிட்டு வாயைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. செண்பகவல்லியை நிமிர்ந்து பார்த்தவள் ஏசவில்லை, அழவில்லை.

"சிரிப்புதான, போனாப் போட்டும்" என்றாள். "வயித்துவலி மிச்சம்."

பாவம் என்று நாலுபேர் உச்சுக்கொட்டினார்கள். ஆனால் அன்றைக்கே தெருவுக்கு வேறொரு யோசனை உதித்துவிட்டது. நல்லது இப்படிப் போகுமென்றால் கெட்டதும் போகுமே, இது ஏன் இத்தனை நாள் நம் புத்திக்கு எட்டவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு, ஆளுக்கொரு தொல்லையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசல்களை நக்கிக்கொண்டு ஓடுகிற சாக்கடையை எழுது என்றார்கள். மூலைவீட்டுச் சீனியம்மாள் தன் முழங்கால் வலியைக் கதையில் போடச் சொல்லிக் காலை நீட்டிக் காட்டினாள். குருவம்மாள் குடிகார மருமகனைக் கையைப் பிடித்துக் கூட்டியே வந்துவிட்டாள், அவனும் போதை தெளியாமல், நல்லா எழுதுங்க மதினி, நானும் போயிட்டா நிம்மதிதான் என்று உட்கார்ந்திருந்தான். அவள் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி அனுப்பியதும் தெருவே சாமி கும்பிட்டுக் காத்திருந்தது.

ஒரு கோடு கூட விழவில்லை. சாக்கடைக்குப் பக்கத்தில் "அற்புதம் அம்மா! இதுதான் உண்மை!" என்று இருந்தது. முழங்கால் வலிக்குப் பக்கத்தில் "இந்த வலியை இன்னும் விரித்து எழுதுங்கள்" என்று இருந்தது. குடிகார மருமகன்தான் இதுவரை வந்ததிலேயே உயிருள்ள பாத்திரமாம். சார் பாராட்டியதெல்லாம் அந்தத் தெருவில் அசைக்க முடியாமல் குத்தவைத்துவிட்டது. சாக்கடையை அள்ள நகராட்சி லாரி கூட ஒருநாள் வந்தது, வந்து தெருமுனையிலேயே பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி இழுக்க வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அப்படியானால் தலைகீழாக எழுதிப் பார்ப்போம் என்றது தெரு. சாக்கடையைத் தேனாறு என்று எழுதினாள், முல்லைப்பூ மணக்கிறது என்று எழுதினாள், இந்தப் பொய்யையாவது அடிக்காமலா போவார் என்று பார்த்தால், "அபாரமான அங்கதம்" என்று பதில் வந்தது. கடைசியில் சீனியம்மாள்தான் ஒரு வழி சொன்னாள். நீ நல்லா எழுதுறதுனாலதான அவரு வைக்காரு, கொஞ்சம் கோணலா, அசிங்கமா எழுதேன், தன்னால தூக்கிருவாரு. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். செண்பகவல்லி உட்கார்ந்தாள். சாக்கடையைப் பற்றி ஒரு மட்டமான வாக்கியம் எழுதினாள், பார்த்தாள், இதைப் படித்துவிட்டுச் சார் முகம் சுளிப்பாரே என்று நினைத்தாள், கட்டைவிரல் தானாகப் போய் அதைச் செப்பம் செய்துவிட்டது. இன்னொரு முறை எழுதினாள், இன்னொரு முறையும் அழகாக்கினாள். எனக்கு வரவில்லை என்று தெருவிடம் சொன்னாள். வரவில்லை என்பதல்ல, மனசு வரவில்லை. நாற்பத்தைந்து வயதுவரை குழம்பில் உப்பு கூடுதல், உப்பு குறைச்சல் என்பதைத் தவிர வேறு விமரிசனம் கேட்டிராத பெண்ணுக்கு, முன்பின் தெரியாத பத்துப்பேர் முன்னால் ஒருவர் "அற்புதம் அம்மா" என்று எழுதுவது எப்பேர்ப்பட்ட கள் என்று குருவம்மாள் மருமகனுக்குத்தான் புரிந்திருக்கும். சாக்கடை நாறியபடி கிடந்தது, வர்ணனை மணத்தது.

அவள் புருஷன் ஆவுடையப்பனைப் பற்றி இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. அவன் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தோள் பூட்டிய நாளிலிருந்து செண்பகவல்லியால் தலைக்குக் கை கொண்டுபோக முடியவில்லை. இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி. முதலில் சில நாள் மரியபுஷ்பம் வந்து பின்னிவிட்டாள். ஒருநாள் அவள் வரத் தாமதமாக, டூட்டிக்குக் கிளம்பி நின்ற ஆவுடையப்பன் தோல்பையைக் கழற்றி வைத்துவிட்டு, டிக்கெட் கிழிக்கிற கைதான, சிக்கெடுக்காதா என்று சீப்பை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு அவன் பின்னியது வைக்கோல்பிரி போல இருந்தது. போகப்போகப் படிந்து வந்தது. புழக்கடைப் படியில் அவள் ஒரு படி கீழே உட்கார, அவன் மேல்படியில் உட்கார்ந்து, எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, மூன்று கால் பிரித்து, வலிக்காமல் இழுத்துப் பின்னி, நுனியில் ரப்பரைச் சுற்றி, சடையைச் செல்லமாக ஒரு சுண்டு சுண்டி, "ரைட், போலாம்" என்பான். டிரைவருக்குச் சொல்கிற அதே குரல். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அன்றைய நாள் நகரும். பஸ்ஸில் பள்ளிக்கூடப் பயல்கள் அவனைச் சடைக் கண்டக்டர் என்று கூப்பிட்டார்கள், அவன் விசிலை ஊதிச் சிரித்தான். கொடுத்து வைத்தவள் என்று தெரு அவளைப் பொறாமையோடு சொன்னது. அவளும் கொடுத்துத்தான் வைத்திருந்தாள்.

பயிற்சியின் கடைசிக் கதையாக அவள் எழுதியது தோள் பூட்டிய ஒரு பெண்ணைப் பற்றி. வேலை போனது, கை சாமிப்படம் வரைக்கும்கூட எட்டாமல் போனது, சுற்றியிருந்த தெருக்காரர்கள், எல்லாம் எழுதிவிட்டு, நடுவில் அந்தப் படிக்கட்டை எழுதினாள். அதுவரை எழுதியதிலேயே அதைத்தான் மெதுவாக எழுதினாள், ஒவ்வொரு சொல்லையும் எண்ணெய் தொட்டு வைப்பதாக. சார் முழுக்கதையையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார். அந்தப் பத்திமேல் மட்டும் மேலிருந்து கீழ்வரை கோடு.

"இந்த இடம் நம்பும்படி இல்லை. டவுன் பஸ் கண்டக்டர், இப்படிப்பட்ட தெரு, இவர் மனைவிக்குச் சடை பின்னிவிடுவாரா? இது உங்கள் ஆசை அம்மா, கதையின் உண்மை அல்ல. இதை எடுத்துவிட்டால் அவள் தனிமை முழுமையாகிவிடும். நம் பயிற்சியின் கதைத்தொகுப்பில் முதல் கதையாக இதைத்தான் வைக்கப்போகிறேன்."

முதல்முறையாக அவள் சரியைத் தொடாமல் பதில் எழுதினாள். சார், இது எங்கள் வீட்டில் தினமும் நடப்பது. உடனே பதில் வந்தது. "நடந்தது என்பது ஒரு காரணம் ஆகாது அம்மா. கதைக்குள் நடக்க வேண்டும்." அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் அங்கே மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து நல்லது நினைத்துத்தான் எழுதினார், தன் கோடு எங்கே போய் விழுகிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. கோடு போடுகிறவர்களுக்கு அது தெரிவதும் இல்லை.

கோடு விழுந்தபடியே பத்தி தொங்கிக்கொண்டு கிடந்தது. கதையை அச்சுக்கு அனுப்பவேண்டிய நாள் நெருங்கியது. தெருவுக்குச் சங்கதி எட்டியதும் பெண்கள் கூடிவிட்டார்கள். சாக்கடை போகாவிட்டாலும் புத்தகத்திலாவது தெரு வரட்டுமே என்று அவர்களுக்கு ஆசை வந்திருந்தது. சீனியம்மாளின் முழங்கால் அதில் இருந்தது, குருவம்மாளின் மருமகன் இருந்தான், பேர் மாற்றியிருந்தாலும் எல்லோரும் இருந்தார்கள். சடைதானே, நாங்கள் ஆளுக்கொரு நாள் வந்து பின்னிவிடுகிறோம், ஊர் கூடினால் ஒரு சடை பின்ன முடியாதா என்றார்கள். மரியபுஷ்பம் மட்டும் லேபிளிலிருந்து தலையைத் தூக்காமல் பேசினாள்.

"அதத் தொடாத செம்பா. யானை வாயில போன கரும்பு திரும்பாது. என் வாயப் பாத்துமா ஒனக்குப் புரியல?"

மறுநாள் காலை, படியில் உட்கார்ந்திருக்கும்போது செண்பகவல்லி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிக்கு எடுத்துக்கொண்டே கேட்டான். தெருவில் போனதெல்லாம் அவனுக்கும் தெரியும், மண்வாசனைக்கு அவனும் மூக்கைச் சிந்தியவன்தான்.

"ஏளா, புக்குல வரணும்னா அடிச்சிக்கோ" என்றான். "சடை பின்னுறது எழுத்துலயா இருக்கு, கையில இருக்கு. மறந்துபோச்சுன்னா மறுபடி பழகிக்கிடுதேன்."

"போனது ஒண்ணும் திரும்பி வரலங்க. குயிலு வந்துச்சா?"

"குயிலுக்குச் சொல்லிக்குடுக்க ஆளில்ல. எனக்குத்தான் நீ இருக்கேல்லா."

சடையைச் சுண்டினான். ரைட், போலாம் என்றான். பையை மாட்டிக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படியிலிருந்து எழுந்திருக்காமலே, அவள் இடதுகைக் கட்டைவிரலால் சரிக்குறியைத் தொட்டாள். பெருக்கல்குறி அதற்குப் பக்கத்திலேயே, அதே அளவில், அன்றைக்கும் இருந்தது.

அடுத்த நாள் அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு படியில் போய் உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் சட்டைப் பித்தானைப் போட்டபடி பின்பக்கம் வந்தான், கொடியில் கிடந்த துண்டை எடுத்தான், கீழே பார்த்து, வழியில் உட்கார்ந்திருக்கியே, தள்ளு என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் படிக்கட்டில் நிற்கிறவர்களிடம் சொல்கிற மாதிரி சொன்னான். அவள் சீப்பை நீட்டினாள். அவன் அதை வாங்கினான், திருப்பித் திருப்பிப் பார்த்தான், தப்பான பஸ்ஸில் ஏறிவிட்ட ஆள் முழிக்கிற முழி. நேற்றுவரை பின்னியது அவனுக்கு ஞாபகம் இருந்தது. கைக்குத்தான் இல்லை. சொன்ன வாக்குக்காகச் சில நாள் உட்கார்ந்து பார்த்தான். அவள் சொல்லச் சொல்ல மூன்று கால் பிரிப்பான், ஒன்று நழுவும், அதைப் பிடித்தால் மற்றது அவிழும். மயிர் வேரோடு இழுபட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, நல்லா வருதுங்க, இன்னுங் கொஞ்சம் என்பாள். மறந்தது விரல் மட்டுமல்ல, எதற்காக இதைச் செய்ய வேண்டும் என்பதும் அவனுக்கு மறந்துபோயிருந்தது, அதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் சீப்பைப் படியில் வீசிவிட்டு எழுந்தான்.

"வெட்டித் தொலைக்க வேண்டியதான. காலங்காத்தால."

ஆளுக்கொரு நாள் வருவதாகச் சொன்ன தெருப்பெண்கள் முதல் வாரம் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருத்திக்கு லேபிள் கட்டு தேங்கிவிட்டது, ஒருத்திக்கு முழங்கால் வலி, அது சார் பாராட்டிய வலி, குறையுமா? மரியபுஷ்பம் மட்டும் கொஞ்ச நாள் தொடர்ந்து வந்தாள், பேசாமல் பின்னிவிட்டுப் போனாள், அந்தப் பேச்சற்ற கையைச் செண்பகவல்லியால்தான் தாங்க முடியவில்லை, வர வேண்டாமென்று சொல்லிவிட்டாள். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்து மரியபுஷ்பத்தையே கழுத்தளவுக்கு வெட்டச் சொன்னாள். வெட்டி விழுந்த முடி படி நிறையக் கிடந்தது.

தொகுப்பு வெளியீட்டு விழா திருநெல்வேலியில் நடந்தது. தெரு மொத்தமும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனது. இளம்பரிதி சாரை முதல்முறை முழு உடம்போடு பார்த்து, இவ்வளவு ஒல்லியா என்று ஆச்சரியப்பட்டார்கள். அவர் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கதையில் வரும் கணவன் பாத்திரம் தமிழுக்குப் பெரிய வரவு, கொடுமைக்காரன்கூட இல்லை, மனைவியின் வலியை வெறுமனே பார்க்கத் தெரியாதவன், அவ்வளவுதான், ஒரு வரி மிகையில்லை என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனும் தட்டினான். அவன் தட்டுவதை மேடையிலிருந்து பார்த்த செண்பகவல்லியின் கண்ணில் வந்த நீரைச் சபை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. கழுத்தளவு முடி எழுத்தாளர்களுக்கே உரிய லட்சணமாக இருக்கிறது என்று யாரோ ஒரு அம்மா சொன்னாள்.

ஊர் திரும்பியதும் அவள் புதிதாக ஒரு கதை எழுதத் தொடங்கினாள். அதில் ஒரு கண்டக்டர் மனைவிக்குச் சடை பின்னினான். விதவிதமாக எழுதினாள், நம்பும்படி எழுதினாள், நம்பும்படிக்கு மேலும் நம்பும்படி எழுதினாள், காலையில் எழுந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தத் திரைக்கு அழிக்கத்தான் தெரியும், உண்டாக்கத் தெரியாது. அப்படி எழுதி எழுதி ஓய்ந்திருந்த ஒருநாள், பரணிலிருந்து எதையோ எடுக்கப்போனவள், தன் வலதுகை தலைக்கு மேலே போயிருப்பதைக் கண்டாள். தானாகப் பூட்டியது தானாகத் திறந்துவிட்டது. கையை இறக்கிப் பிடரியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். பின்னுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. முடியை மறுபடி வளர்த்திருக்கலாம், அவளுக்கு மனசில்லை, கொஞ்சம் நீண்டால் கத்தரித்துக்கொண்டாள்.

பயிற்சிக்கு ஆட்கள் பெருகிவிட்டார்கள், நீங்களும் வழிகாட்டியாக வர வேண்டும் அம்மா என்று இளம்பரிதி சார் கூப்பிட்டார். தெரு அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது. இப்போது வெளியூர்ப் பெண்கள் எழுதியவை அவள் போனுக்கு வந்தன, அவள் கையில் சிவப்புக் கோடு இருந்தது. ஆரம்பத்தில் கோடு போடத் தயங்கினாள். எங்கள் தெருவில் மட்டும்தான் இப்படி, எல்லா ஊரிலுமா நடக்கும் என்று தைரியம் சொல்லிக்கொண்டாள். அது உண்மையா என்று அவள் யாரையும் விசாரிக்கவும் இல்லை.

ஒரு பிற்பகலில் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ரோஸ்லின் என்கிற பெண் அனுப்பிய கதை வந்தது. கண்ணில் படலம் விழுந்து பார்வை மங்கிய ஒருத்தியின் கதை. நடுவில் ஒரு பத்தி. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற அவள் புருஷன், குளிரில் மரத்த விரல்களைச் சுடுசோற்றில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, அவள் தட்டிலிருக்கும் மீனில் முள் பார்த்து எடுத்துத் தருகிறான். எடுத்த முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குகிறான். மீனை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, தின்னு" என்கிறான்.

இது நிஜம் என்று செண்பகவல்லிக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. சோற்றில் விரலைச் சூடாக்குவதைக் கற்பனையில் எழுத முடியாது. அவள் போனை மடியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். சாக்கடை சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். பெருக்கல்குறி என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடு மகளே என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூடப் போதும். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் அதைவிட வேகமாகப் பொறாமை பொங்கி வந்தது, எனக்குப் போனது உனக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்று. அவள் அந்தப் பத்திமேல் மேலிருந்து கீழ்வரை கோடு இழுத்தாள். பக்கத்தில் எழுதினாள்.

"இந்த இடம் நம்பும்படி இல்லை."

சிறிது நேரத்தில் பதில் வந்தது. டீச்சர், இது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. செண்பகவல்லி யோசிக்கவில்லை, யோசிக்கிற வேலையே அவளுக்கு வைக்காமல் கட்டைவிரல் அதுவாக எழுதிவிட்டது. நடந்தது என்பது ஒரு காரணம் ஆகாது.

அதன்பின் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. அந்தப் பெண் பெருக்கலைத் தொட்டுவிடக் கூடாதே என்று ஒரு மனசு, தொட்டுவிடேன் என்று ஒரு மனசு, இரண்டுக்கும் நடுவில் திரையையே பார்த்தபடி இருந்தாள். ஆவுடையப்பன் டூட்டி முடிந்து வந்தான், சோற்றைத் தானே போட்டுக்கொண்டு தின்றான், படுத்துவிட்டான். வெயில் தொட்டியின் மறுபக்கம் இறங்கியபோது திரையில் அந்தப் பத்தி சட்டென்று இல்லாமல் போனது. மரியாதை தெரிந்த பெண்தான்.

எதிர்வாசலில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த மரியபுஷ்பம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னைக்கு நீ எதத் தூக்குன?"

"ஒண்ணுமில்ல. மீன் முள்ளு."

"முள்ளுன்னா நல்லதுதான, போட்டும்" என்றாள் மரியபுஷ்பம்.

செண்பகவல்லி அவளைத் திருத்தவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு அடுத்த கதையைத் திறந்தாள்.